கழுசான் பையில் ஒன்பது வோல்ட்

அம்பிட்டிய மேட்டு வீதிக் குடியிருப்பாளர் சங்கத்தில் பெட்டரியைப் பற்றிப் பேச இராமநாதனை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வாங்கும் ஒவ்வொரு பெட்டரியிலும் திகதியை எழுதி வைப்பார். சுவர் மணிக்கூடு நின்றுபோனால் அவர் மனைவி இராஜேஸ்வரி அதைத் தொடவே மாட்டாள். பிளஸ், மைனஸ் விளக்கத்தைக் கேட்டு முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிடும்.

பேச்சுக்குக் காரணம் இருந்தது. போன மாதம் அதே வீதியிலுள்ள பஸீஹாவின் இரண்டு வயது மகள் விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற பொத்தான் பெட்டரியை விழுங்கிவிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிள்ளை தப்பியது. சங்கத் தலைவர் ஜமால்தீன் இதற்கென்றே ஒரு ஞாயிறு காலை கூட்டம் வைத்துவிட்டார்.

கையில் பிடிக்கும் வயரில்லாத மைக் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? முன்யோசனைக்காரரான இராமநாதன் வழியில் சந்திக் கடையில் ஏறி, ஒன்பது வோல்ட் சதுரப் பெட்டரி ஒன்று வாங்கினார். கடைக்காரி ரபீகாவும் கூட்டத்துக்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவர் பெட்டரியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி எறிவதைப் பார்த்துவிட்டாள்.

"சேர், மூடிய கழட்ட வாணாம். இதுல ரெண்டு முனையும் ஒரே பக்கம் ஈக்கி. சாவி கீவி பட்டா சூடாகிடும்."

"நான் பேசப்போறதே பெட்டரிய பத்தித்தாம்மா," என்றார் இராமநாதன். திகதியை எழுதி, உடுத்தியிருந்த கழுசானின் வலது பைக்குள், வீட்டுச் சாவிக்கொத்தோடு அதையும் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பிள்ள சொல்றத கேட்டா என்னாங்க?" என்றாள் கூட வந்திருந்த இராஜேஸ்வரி. அவர் காதில் விழாதவர்போல நடந்தார்.

பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், செத்த பெட்டரியை அடுப்பருகே வைத்துச் சூடாக்காதீர்கள், நெருப்பில் எறியாதீர்கள் என்றார். பஸீஹா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அப்போது வலது தொடையில் ஏதோ சுள்ளென்றது. எறும்பு என்று நினைத்தார். பிறகு வாதம் என்று நினைத்தார். எறும்போ வாதமோ இவ்வளவு சூடாக இருக்காது. ஆனாலும் நாற்பது பேர் முன்னால் பேச்சை நிறுத்த மனம் வரவில்லை.

"ஆபத்து எங்கேயோ இருக்குன்னு நினைக்காதீங்க," என்றார், காலை மாற்றி வைத்தபடி. "நம்ம பக்கத்திலேயே…"

அதற்கு மேல் முடியவில்லை. "ஐயோ!" என்று ஒரே துள்ளாகத் துள்ளி, மைக்கைப் போட்டுவிட்டு, கழுசான் பையை வெளியே இழுத்து உதறினார். சாவிக்கொத்தும் பெட்டரியும் நிலத்தில் விழுந்தன. இரண்டாவது வரிசையிலிருந்து ரபீகா ஓடிவந்து, மூலையில் கிடந்த விளக்குமாற்றுக் காம்பால் பெட்டரியை ஒதுக்கித் தள்ளினாள்.

மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது.

"எவ்வளவு தத்ரூபமா செஞ்சு காட்டினீங்க!" ஜமால்தீன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆமாம் என்று சொல்ல இராமநாதனின் நாக்குத் துடித்தது. முன்வரிசையில் இராஜேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. என் முட்டாள்தனம். இந்தப் பிள்ள முன்கூட்டியே சொன்னிச்சு, நான் கேக்கல," என்றார் தொடையைத் தடவிக்கொண்டு.

அப்படி ஒப்புக்கொண்டதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். என்ன அடக்கம் என்று பின்வரிசையில் யாரோ வியந்தார்கள்.

கொப்புளம் ஆறுவதற்குள் நாவலப்பிட்டிச் சங்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இந்தமுறை இராமநாதன் ரபீகாவையே பேச வைத்தார். மூடியைக் கழற்றாதீர்கள், இல்லாவிட்டால் முனைகளில் டேப் ஒட்டுங்கள் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். சனங்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்கள் மட்டும் மேடை ஓரத்துக் கதிரையில் இருந்த இராமநாதனின் கழுசான் பையிலேயே இருந்தன.

ரபீகா பேசி முடித்ததும் அந்தச் சங்கத்துச் செயலாளர் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து இராமநாதனின் காலடியில் வைத்தார்.

"சேர், ஆரம்பிக்கலாங்களா?"