இரண்டாவது வளைவு

அந்த வாரம் பெரியவருடையது. ஆகவே ஸ்டியரிங்கும் அவர் கையில் இருந்தது, அதன் கசிவும் அவர் தலையில் இருந்தது.

அப்பா விட்டுப்போன கார் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. கீழ்வீட்டில் பெரியவர், மாடியில் சின்னவர். ஒரு வாரம் இவர் ஓட்டுவார், மறுவாரம் அவர். சாவி மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆணியில் தொங்கும். ஞாயிறு காலையில் ஒரு கை மாட்டிவிட்டுப் போகும், இன்னொரு கை எடுத்துக்கொள்ளும். ஒன்பது வருடமாக அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு சொல் கிடையாது.

காரணம் சின்னதல்ல. அப்பாவின் சாவு வீட்டில், துக்கம் கேட்க வந்த வெளியாட்கள் நடுவே, "அண்ணன் நேரத்தோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அப்பா பிழைச்சிருப்பார்" என்று சின்னவர் சொல்லிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருந்தால் பெரியவர் பதில் சொல்லியிருப்பார். நாலு பேர் காதில் விழச் சொன்ன பேச்சுக்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை. வாயை மூடியவர் மூடியவர்தான்.

பவர் ஸ்டியரிங் கசிய ஆரம்பித்து நாலு மாதம். ஒழுங்காகப் பழுது பார்க்க வேண்டுமானால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சில்லாததால் அவரவர் வாரத்துக்கு அவரவர் ஒட்டு. பெரியவர் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் போட்டு, விழுந்த சிவப்புச் சொட்டுகளைப் பார்ப்பார். கீறல் விட்ட ரப்பர் குழாயைத் துடைத்து, டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்புவார். ஒரு வாரம் தாங்கும். அதற்கப்புறம் அவன் பாடு.

இந்தத் தடவை அட்டையில் விழுந்தது சிவப்பாக இல்லை. பழுப்பாக, நுரை கட்டி, முன்னைவிட அதிகமாக இருந்தது. மாடிக்காரன் எதையோ ஊற்றியிருக்கிறான். மாடிப்படியடியில் நின்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கை மகளுக்குப் பதிவுத் திருமணம். பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கணவனை இழந்த தங்கை இரண்டு அண்ணன்களுக்கும் தனித்தனியே போன் செய்து ஒரே பேச்சைப் பேசினாள். "சாட்சிக் கையெழுத்து ரெண்டு மாமாவும்தான் போடணும். ஒரே கார்ல வந்து இறங்குங்க. மாப்பிள்ளை வீட்டார் முன்னால என்னைத் தலைகுனிய வெச்சுடாதீங்க." அந்தக் கடைசி வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் சின்னவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் பெரியவரின் மனைவி.

பதிவு அலுவலகக் கட்டிடத்தில் வண்டி நிறுத்துமிடம் மூன்றாவது மாடி. அதற்கு ஏறும் சரிவுப் பாதை கிணற்றுச்சுவர் போலச் சுற்றிச் சுற்றி ஏறியது. முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பம்ப் முனக ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பெரியவர் முழு பலத்தையும் போட்டும் வண்டி வளையவில்லை. முன்மூலை சுவரில் உரசி நின்றது.

பின்னால் ஒரு கார், அதன் பின்னால் இன்னொன்று. இரண்டு பக்கமும் சுவர். கதவு ஒரு சாண்தான் திறந்தது. ஆயில் பாட்டில் டிக்கியில் இருந்தது. டிக்கிக்குப் போக வழியில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

"என்ன ஊத்தினான்னு கேளு," என்றார் பெரியவர், கண்ணாடியில் மனைவியைப் பார்த்து.

"தம்பி, என்ன ஊத்தினீங்கன்னு கேக்கறார்."

"வாரா வாரம் டேப் சுத்தினா கசிவு நின்னுடுமான்னு கேளுங்க அண்ணி."

"நான் டேப்பைப் பத்திக் கேட்கலைன்னு சொல்லு."

மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஒன்பது வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா இருந்தாச்சு. இன்னியோட ராஜினாமா. ஒரு முழம் தள்ளித்தானே உட்கார்ந்திருக்கார், நீங்களே கேளுங்க." கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னால் ஹாரன் அடித்தது. அந்தக் காரோட்டி தலையை வெளியே நீட்டினான். "ஐயா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? கொஞ்சம் வழிவிட்டுட்டுப் பண்ணுங்க!"

பெரியவர் மறுபடி ஸ்டியரிங்கை இழுத்தார். வலது தோள்பட்டை சுரீரென்றது. கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. கைப்பைக்குள் போன் அலறியது. மனைவி எடுத்து, "வாசல்லதாம்மா இருக்கோம், இதோ" என்று தங்கையிடம் துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

மேலே தங்கை இரண்டு காலி நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். மாப்பிள்ளை வீட்டார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மூடிய வாய் இத்தனை நாள் குடும்ப மானத்தைக் காப்பாற்றியது என்று நம்பியிருந்தவர் பெரியவர். மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

"என்னடா ஊத்தினே?"

சின்னவர் அவர் பக்கம் திரும்பினார். "பிரேக் ஆயில்," என்றார். "கடையில சொன்னாங்க. சீல் உப்பிக்கும், கசிவு நிக்கும்னு. ரெண்டு நாள் நின்னுது."

"உப்பி, அப்புறம் கூழாப் போயிடும்டா. அதுக்கு மேல நான் வேற கசிவு நிறுத்துற மருந்து ஒரு பாட்டில் ஊத்தினேன்."

"நீங்க ஊத்தினது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஊத்தினது எனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு காலி பாட்டிலையும் குப்பையில போட்டது நான்தான்," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல். "என்னை யாரு கேட்டீங்க?"

சின்னவர் ஜன்னலை இறக்கிப் பின்வண்டிக்காரனை இரண்டு அடி பின்னால் போகச் சொன்னார். பிறகு வலது கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். "நின்ன இடத்துல திருப்பாதீங்க. உருளவிட்டுத் திருப்பணும். பிரேக்கைக் கொஞ்சமா விடுங்க... இப்போ இழுங்க."

ஒரே வட்டத்தில் இருவர் கை. பின்னால் ஒரு சாண், முன்னால் ஒரு சாண். "இழு." "இழுக்கறேன்." "விடாதே." "விடலை." அப்பாவின் சாயல் கொண்ட தம்பியின் கட்டைவிரல் நகத்தைப் பெரியவர் வெகுநாள் கழித்துப் பக்கத்தில் பார்த்தார். ஐந்தாவது தடவை முன்மூலை சுவரை விட்டு விலகியது. சுவரில் காரின் நீலப் பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மூவரும் பதிவாளர் மேசை முன்னால் நின்றார்கள். தங்கை மூச்சுவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா பெரியவரின் நனைந்த சட்டையைப் பார்த்து, "என்ன சம்பந்தி, கார்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

சின்னவர் தலைகுனிந்தார். நாலு பேர் கேட்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் பெரியவருக்கு வாய்க்காது. ஒன்பது வருடக் கணக்கை ஒரு வாக்கியத்தில் தீர்த்துவிடலாம்.

"ஸ்டியரிங்குல தப்பான ஆயிலை ஊத்திட்டேன்," என்றார் பெரியவர். "என் தப்புதான்."

சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை வாங்கி, அண்ணன் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

எல்லாம் முடிந்து கிளம்பியபோது காருக்கு அடியில் பழுப்பாக ஒரு குட்டை தேங்கியிருந்தது. பாட்டிலில் இருந்த கடைசி ஆயிலையும் ஊற்றினார்கள். இறங்குவதற்கு வேறு வழி இல்லை. அதே சரிவு, அதே வளைவுகள். பெரியவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சின்னவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் ஏறினார். ஒரு கால் இன்னும் வெளியே இருந்தது.

"அண்ணா... அன்னிக்கு அப்பாவை ஏன்..."

"முதல்ல கதவைச் சாத்து," என்றார் பெரியவர். "அப்புறம் கேளு."

சின்னவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.