பொன்மணி யாரை முறைத்தாள்

2006 கோடையில், சிவகாசியில் சாபிரின் அச்சகத்துக்குப் பள்ளிக்கூடச் சார்ட் ஆர்டர் ஒன்று வந்தது. பாலர் வகுப்புச் சுவரில் மாட்டும் முகபாவச் சார்ட். கட்டத்துக்கு ஒரு முகம், அடியில் அதன் பெயர். வெளி ஆட்களைத் தேடுவானேன் என்று சாபிர் அச்சகத்து ஆட்களையே நிற்க வைத்துப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் எழுத்து சேர்ப்பது அவர் தங்கை ஹாஃபிஸாவின் வேலை.

சிரிப்புக்கும் அழுகைக்கும் ஆள் கிடைத்தது. முறைப்புக்குத்தான் பெரும்பாடாகிவிட்டது. யாரை முறைக்கச் சொன்னாலும் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில், பட்டாசு லேபிள்களைக் கட்டுக் கட்டி அடுக்கும் பொன்மணி வந்து நின்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புருவம் இறங்கியது, உதடு இறுகியது. சாபிர் ஒரே படம்தான் எடுத்தார்.

பொன்மணிக்குச் சாத்தூர்ப் பக்கம். அவள் புருஷன் பாண்டிராஜ், பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்து, போன தை மாதம் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் அவள் இங்கே வேலைக்கு வந்தாள்.

படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த ஹாஃபிஸா, 'முறைப்பு' என்று அடித்துவிட்டு யோசித்தாள்.

"அண்ணே, இதுக்குக் கடுகடுப்புன்னு போட்டா என்ன?"

"ஏன்?"

"தனியா இருந்தாக்கூட மூஞ்சி கடுகடுன்னு இருக்கும். முறைக்கணும்னா எதிர்ல ஒரு ஆளு வேணும்ல? இவ யாரை முறைக்கா?"

"என்னையத்தான்."

"நீங்க நேரா நின்னீக. இவ கண்ணு சுவத்துப் பக்கம்ல போகுது. அங்கன யாருமே இல்லையே."

சாபிர் குனிந்து பார்த்தார். "கண்ணை நேரா திருப்பி வச்சிரு. ஆர்டர்ல முறைப்புன்னுதான் கேட்டிருக்காக."

ஹாஃபிஸா கருவிழிகளை நகர்த்தினாள். மறுநாள் காலை சார்ட் அச்சேறியது. அச்சான தாள்களை அடுக்க வந்த பொன்மணி, முதல் தாளைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"அக்கா, கண்ணை யாரு மாத்துனது?"

"நான்தான். ஏன்?"

"இனி நிக்க மாட்டாகளே..."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு." பொன்மணி சுவரையே பார்த்தபடி பேசினாள். "வெடிச்ச அன்னைக்கு மேலுக்கு முடியாமத்தான் இருந்தாக. போகாதீகன்னேன். கேக்கல. முறைச்சுக்கிட்டே நின்னேன். வாசல்ல செத்த நேரம் தயங்கிட்டுப் போயிட்டாக. இப்பவும் வாராக அக்கா. நான் அழுதா பக்கத்துல வந்துருதாக. முறைச்சா அங்கனயே நின்னுக்கிடுதாக. போட்டோ எடுத்ததுல இருந்து எனக்குப் பதிலா அந்தப் படமே முறைச்சுக்கிட்டு இருந்துச்சு. நானும் கொஞ்சம் மூஞ்சியத் தளர விட்டிருந்தேன்."

"பக்கத்துல வந்தா என்ன செய்வாக?"

"சுடுது அக்கா."

பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஹாஃபிஸா, கண் மாற்றிய படம் இன்னும் திரையில் இருந்த தன் இடத்துக்குப் போனாள். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவள் முதுகில் அனல் அடித்தது, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது போல. கரிந்த வெடிமருந்து வாடை வந்தது. திரும்பினால் யாருமில்லை. அவளும் புருவத்தைச் சுருக்கிப் பார்த்தாள். எங்கே பார்த்து முறைப்பது என்று தெரியவில்லை. அனல் இன்னும் நெருங்கியது. பிஸ்மி சொல்லிக்கொண்டே எழுந்து அண்ணனிடம் ஓடினாள்.

"மிஷினை நிப்பாட்டுங்க. பழைய கண்ணையே வச்சிரலாம்."

"வெளையாடுதியா? அச்சான தாளை என்ன செய்ய?"

அவள் அவரை இழுத்துவந்து, தன் நாற்காலி முதுகில் கை வைக்கச் சொன்னாள். தொட்ட வேகத்தில் சாபிர் கையை உதறினார். இரும்பு கொதித்தது. போய் இயந்திரத்தை நிறுத்தினார். புதிய பிளேட் போட்டு, கண்கள் சுவர்ப் பக்கம் பார்க்கிற படத்தோடுதான் சார்ட் வெளியே போனது.

சார்ட்டின் கடைசி லோடு போன மத்தியானம், ஹாஃபிஸா குடோனுக்குள் போனபோது பொன்மணி காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மறைக்காமல், முகம் கலைந்துபோக அழுதாள். குடோனில் மருந்து வாடை.

"பொன்மணி, முறைச்சுப் பாரு. சீக்கிரம்," என்றாள் ஹாஃபிஸா, வாசலிலேயே நின்றுகொண்டு.

பொன்மணி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அம்புட்டுத் தூரத்துலயே எத்தனை நாளைக்கு நிப்பாக, அக்கா? அவுகளுக்கும் கால் வலிக்காதா?"

சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். அந்த இடத்தில் காகிதக் கட்டு மெல்ல அமுங்கியது. மேல் தாளின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. கட்டின்மேல் ஊன்றியிருந்த இடது கையை அவள் எடுக்கவில்லை. யாரோ பேசுவதைக் கேட்பது போல இரண்டொரு தடவை "ம்" என்றாள். பிறகு கட்டு பழையபடி மேலெழுந்தது. வாடை கலைந்தது.

கையெல்லாம் கொப்புளம். ஹாஃபிஸா களிம்பு தடவி, துணி சுற்றிவிட்டாள்.

"திரும்பவும் வருவாகளா?"

"மாட்டாக," என்றாள் பொன்மணி. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மற்ற கையால் லேபிள் கட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்து எண்ணத் தொடங்கினாள்.