அறுபத்தெட்டு வீடுகளின் காலிக் கட்டம்

1

“எர்ரர் ஒண்ணும் வரலியே, அப்புறம் இன்னா—”

“எங்கம்மாவும் வரல, திலீப்.”

கதை இப்படித்தான் என் காதில் விழுந்தது, 2008இல், திருப்பதியிலிருந்து கிளம்பிய வேலூர் பஸ்ஸில். பக்கத்து ஸீட்டில் தரணி. கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட வேலை செய்யும் திலீப்போடு அன்று போட்ட சண்டையை, இரண்டு குரலிலும், போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தாள். எழுத உட்கார்ந்தபோது ‘மலை மேல் மழை மேகம்’ என்று தொடங்கி... வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலையில்லை.

2

விஷயம் இது. தமிழ்நாட்டு எல்லையோர ஆந்திர ஊரான குடிபாலாவுக்கு அரசு கொடுக்கும் வீட்டுமனைகளின் பட்டியல் மாலை ஐந்துக்குள் போக வேண்டும். பெயர் இருந்தால்தான் மனை. கம்ப்யூட்டரில் ஆட்கள் ஒரு டேபிள், அதாவது அட்டவணை. தெலுங்கர் பெயருக்கு முன்னால் வரும் குடும்பப் பெயரான இண்டிபேரு இன்னொரு டேபிள். இரண்டையும் சேர்க்கும் வேலையைத் திலீப் ஒரு லைப்ரரியிடம், அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்த ப்ரோக்ராமிடம், விட்டிருந்தான். அது இரண்டிலும் இருப்பவரை மட்டும் சேர்த்தது. இண்டிபேரு வழக்கமே இல்லாத அறுபத்தெட்டுத் தமிழ்க் குடும்பங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. (லைப்ரரியைத் திட்டி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அது சொன்னதைத்தான் செய்தது.)

3

திலீப்பை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. அவனும் ஆந்திராவிலேயே, நகரிப் பக்கத்துத் தமிழன்.

“ஊரு பேரயே இண்டிபேரா போட்டுடலாம். எங்க தாத்தா ஸ்கூல்ல சேரச்சொல்லோ அப்டிதான் ஒண்ணு வெச்சிக்கினாரு. இன்னா கொறஞ்சி பூட்டோம்?”

“ப்ரோக்ராம்ல ஒரு வார்த்த மாத்தறதுக்கு சோம்பல் பட்டுக்கினு, அறுபத்தெட்டு வூட்ட பேர மாத்திக்க சொல்றியா? தள்ளு.”

அந்த அறுபத்தெட்டு வீட்டில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் அவள். ‘ஆட்கள் எல்லாரும் வரட்டும், இண்டிபேரு இருந்தால் சேர்த்துக்கொள்’ என்று லைப்ரரிக்கு ஒரே வார்த்தையில் சொன்னாள்.

அறுபத்தெட்டும் வந்தன. நாற்பத்தோராம் வரியில் தரணியின் அம்மா: சுந்தரி, கோவர்த்தனன் மனைவி. பக்கத்து இண்டிபேரு கட்டம் காலி. தரணி, [அம்மாவுக்கு யாரோ மாலை போட்டதைப் பார்த்தவள்போல—] இல்லை, வெறுமனே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

4

முடிவு ஒன்று: திலீப் கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்புகிறான்.

முடிவு இரண்டு: கட்டத்தை நிரப்பி அனுப்புகிறான்.

எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சித்தூரில் நான் இறங்கிவிட்டேன். கடைசியாகக் கேட்டது இதுதான்:

“காலியா கீதே தரணி. ஆபீஸ்ல கேப்பாங்க.”

“கேக்கட்டும். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லன்னு சொல்லு. உங்க தாத்தா, ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தின நாளு வரிக்கும், யாரு திலீப்?”