இன்னொரு கை

அந்தத் தெருவில் அவளுக்கு 'ரெண்டு கை டாக்டர்' என்று பெயர். சளி என்று வந்தாலும் சுளுக்கு என்று வந்தாலும் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்காமல் விடமாட்டாள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டுமே, அவர்களுக்கென்ன? எடைபார்க்கும் மிஷின் பக்கத்தில் நிற்கும் தையல்காரர் அவர்கள் கண்ணுக்கா தெரிகிறார்?

அவர் முதுகுவலி என்று வந்தவர். திடீரென்று, துணியைக் கிழிக்கிற மாதிரி வலித்தது என்றார். நாளெல்லாம் குனிந்து தைக்கிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவள் நினைத்துவிட்டாள். வலது கையில் பிரஷர் சரியாக இருந்தது. அவராகவே இடது சட்டைக்கையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"இந்தக் கையும் பாக்கணுமா டாக்டர்?"

"வேண்டாம், ஒண்ணு போதும்."

பாதி சுருட்டிய சட்டைக்கையோடு எழுந்து போனார். அன்று சாயங்காலமே செத்துப்போனார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்தது. அப்படிக் கிழிந்தால் ஒரு கைக்கும் மறு கைக்கும் பிரஷர் வித்தியாசப்படலாம் என்பது அவள் படித்த பாடம்தான். பாழாய்ப்போன அவசரம்.

அன்றிலிருந்து எடை மிஷின் பக்கத்திலேயே நிற்கிறார். திட்டுவதில்லை, முறைப்பதுமில்லை. பாதி சுருட்டிய கையோடு காத்திருக்கிறார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலை அவள் தம்பி வந்தான். பீரோவை நகர்த்தும்போது முதுகில் சுரீரென்றதாம். முகம் வெளிறி வேர்த்திருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"ஒரு ஊசி போட்டு அனுப்புக்கா. ஆபீஸுக்கு லேட்டாச்சு."

வலது கையில் சரியாக இருந்தது. இடது கையை நீட்டச் சொன்னாள்.

"ஆரம்பிச்சிட்டியா? காலையும் நீட்டவா?"

"வாயை மூடிட்டு நீட்டுடா."

இரண்டு கைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மறுபடி பார்த்தாள், அதேதான். தம்பியை அசையவிடாமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கும்படி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு அவனோடு ஏறிக்கொண்டாள்.

அவன் பிழைத்துக்கொண்டான். கண் விழித்து, "காலைப் பாக்கவே இல்லையேக்கா" என்று அவன் முனகியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து கிளினிக்கைத் திறந்தாள். தம்பி பிழைத்ததோடு எல்லாம் சரியாகியிருக்கும், எடை மிஷின் பக்கம் காலியாக இருக்கும் என்று நம்பினாள். தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக்கையை இப்போது முழுசாகச் சுருட்டியிருந்தார்.

"இப்பப் பாக்கலாமா டாக்டர்?"

அவள் பிரஷர் பட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். சுருட்டிய சட்டைக்கைக்குக் கீழே, சுற்றிக் கட்டக் கை இல்லை.