சாத்திய கதவுக்குப் பின்னால்

அயல்நாட்டில் மிஷனரி ஊழியம் முடித்துத் திரும்புகிறவர்களின் மனப்பாரத்தைக் கேட்பது என் வேலை. அன்று எதிரே ஒரு தம்பதி. எதைக் கேட்டாலும் கணவர், "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்" என்றே அறிக்கை வாசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, சபை மேடையில பேசுறத இங்க பேசாதீங்க. அக்கா, நீங்க சொல்லுங்க."

அவரே முந்திக்கொண்டார். "இவளுக்கென்னங்க? தினமும் காலையில கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுவா."

அந்த அம்மா கைப்பையின் வாரை முறுக்கினார். "பண்ணலங்க. அங்க போனதுலேர்ந்து எனக்கு ஜெபமே வரல. சும்மா சுவரப் பாத்து உக்காந்திருப்பேன்."

கணவர் முகம் வெளிறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நானும் எழுந்துவிட்டேன்.

"அடிப்பாவி," என்றார், குரல் உடைந்து. "நீ பண்றியேன்னு நம்பித்தானேடி நான் ஜெபத்தையே விட்டேன்!"