கங்காணிக்கு ஏற்ற குண்டு

ஐயாசாமி கங்காணிக்கு அந்த மாதம் இடது காதில் பாதிதான் மிச்சம். மீதிப் பாதியைச் செல்லப்பன் எடுத்துக்கொண்டான். கழுத்தைக் குறிவைத்துத்தான் வந்தான். கங்காணி சமயத்தில் குனிந்துவிட்டதால் கிடைத்ததோடு திரும்பிப் போனான்.

காரணம் தோட்டத்துக்கே தெரியும். செல்லப்பனின் தம்பி சின்னத்தம்பி, பால் வெட்டும்போது கத்தியை ஆழமாக விட்டு ஏழு ரப்பர் மரங்களைக் காயப்படுத்திவிட்டான். கங்காணி அவனை எட்டாவது மரத்தில் கட்டிவைத்துப் பிரம்பால் அடித்தார். மரங்கள் பிழைத்துக்கொண்டன. சின்னத்தம்பி மூன்றாம் நாள் செத்துப்போனான். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதியவர் தோட்டத்தில் மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரசர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

காது போனதைக் கூலாய் டவுன் போலீசில் போய்ச் சொல்ல முடியாது. ஏன் வெட்டினான் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், அந்தக் காய்ச்சல் எந்த மரத்தடியில் பிடித்தது என்று கேட்பார்கள். செல்லப்பனை வேலையைவிட்டு நிறுத்தவும் முடியாது. தோட்டத்திலேயே சுத்தமாகப் பால் வெட்டுகிறவன் அவன்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைக்கே அவன் பேர் தெரியும்.

ஆகவே இருவரும் தினமும் விடியற்காலையில், ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் சந்தித்துக்கொண்டார்கள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கத்தியையும் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்ப்பது கங்காணியின் கடமை. மழுங்கிய கத்தி மரத்தைப் பாழாக்கிவிடும் அல்லவா?

செல்லப்பன் கத்தியை நீட்டுவான். கங்காணி நகத்தில் வைத்துப் பார்ப்பார்.

“கூர் பத்துமாங்க, கங்காணி?”

“பத்தும். போடா.”

“இன்னும் கொஞ்சம் தீட்டிக்கிறேங்க. ஒண்ணும் அவசரம் இல்லியே.”

இப்படியே மூன்று வாரம். கங்காணிக்குச் சோறு இறங்கவில்லை. நேரே தொரை பங்களாவுக்குப் போய், உயிருக்கு ஆபத்து என்று கைகட்டி நின்றார். ஏன் என்று தொரை கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை ஏன் என்று கேட்காமல் இருந்துதான் அவர் பெரிய தொரை ஆனார். அடுத்த வாரம் கப்பலேறி லீவில் ஊருக்குப் போகிற அவசரம் வேறு. மேசை மேல் இரண்டு ரிவால்வர்களை எடுத்து வைத்தார். ஒன்று அவருடைய மனைவி மெம்மின் கைப்பையில் கிடந்தது, சின்னக் குண்டு போடும் முப்பத்திரண்டு. மற்றொன்று அவர் சண்டைக்குக் கொண்டுபோய் வந்தது, பெரிய குண்டு போடும் நாற்பத்தைந்து.

“ஒண்ணு எடு. ஒண்ணு திரும்பக் குடு. ஞாயித்துக்கெழம சொல்லு, போலீஸ் லைசென்சுக்குக் கடுதாசி எழுதறான்.”

எழுதப்போகிறவன் தான்தான் என்பதைத் தொரை அந்தத் தமிழில்தான் சொல்வார்.

வீட்டில் பெண்சாதி வெள்ளையம்மா சின்னதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதென்னா, மை டப்பா மாரி இருக்கு? இத நீட்டுனீங்கன்னா செல்லப்பன் சிரிச்சே செத்துருவான்.”

“எப்படியாச்சும் செத்தா சரி.”

“பெருச எடுங்க. காதுதான் பாதியாப் போச்சு, துப்பாக்கியாச்சும் முழுசா இருக்கட்டும்.”

கங்காணி விஷயம் தெரிந்தவரைக் கேட்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டிரசர் தம்பிராஜா இரண்டு தோட்டாக்களையும் உள்ளங்கையில் மாத்திரை போல உருட்டிப் பார்த்தார்.

“சின்னது உள்ளுக்கை போய் அங்கை இங்கை உலாத்தும், கங்காணியார். ஆள் சாவான், ஓம். ஆனா தான் செத்துப்போனது அவனுக்கு உடனை விளங்காது. அதுக்கிடையிலை வந்த அலுவலை முடிச்சுப்போடுவான்.”

“பெருசு?”

“பெரிசு எலும்பை முறிக்கும். பட்டவன் நிண்ட இடத்திலையே விழுவான். சுட்டவனும் சில வேளை விழுவான்.”

“ரெண்டுல எத எடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க சார்.”

“நான் தைக்கிற ஆள். சின்ன ஓட்டையெண்டால் எனக்கு நூல் மிச்சம்.”

படித்தவர்களிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் என்று கங்காணி தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக்குப் பூசை. இரண்டு கிடாய்கள் எப்படியும் சாகப்போகின்றன. ஆளுக்கொரு குண்டு கொடுத்துப் பார்த்துவிட்டால் போயிற்று. கூலிகள் குடியிருக்கும் லயத்து ஜனமெல்லாம் வந்திருக்கும், செல்லப்பனும் வருவான். பார்த்துவிட்டுப் பயந்துபோய் ஒழுங்காக இருப்பான். ஒரே வேலையில் இரண்டு லாபம் என்று அவருக்குத் தம்மீதே ஒரு மரியாதை உண்டாகிவிட்டது.

பூசாரிக்குத்தான் மனசில்லை.

“முனியாண்டிக்கு ஒரே வெட்டுதாங்க. சுட்ட கெடாவ அவரு தொடமாட்டாரு.”

“தொட வேணாம்யா. பாத்தாப் போதும்” என்றார் கங்காணி, செல்லப்பனைப் பார்த்துக்கொண்டே. அவன் முன்வரிசையில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

முதல் கிடாய்க்குச் சின்னது. பத்தடியில் நின்று, நெஞ்சைப் பார்த்துச் சுட்டார். ‘பட்’ என்றது. கிடாய் ஒரு துள்ளுத் துள்ளிக் கயிற்றை அறுத்துக்கொண்டது. பிறகு ஒன்றும் நடக்காததுபோலச் சந்நிதிக்கு நடந்து போய், சூலத்தில் போட்டிருந்த மாலையை இழுத்து இரண்டு செவ்வந்திப் பூவைத் தின்றது. மூக்கிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. கோயிலை அரைச் சுற்று சுற்றி வந்துதான் படுத்தது. படுத்தும் காலை உதைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தது. செல்லப்பன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்து பார்த்தான். அந்தக் கவனத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் ஆள் கணக்கு எழுதும் கிராணி ஆகியிருப்பான்.

இரண்டாவது கிடாய்க்குப் பெரியது. மலை பிளந்த மாதிரி ஒரு சத்தம். புகை விலகினபோது கிடாய்க்குத் தலையில் பாதி இல்லை. நின்ற இடத்திலேயே மடங்கிக் கிடந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகுதான் கங்காணியும் கீழே உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார்கள். துப்பாக்கி எகிறிப் புருவத்தைக் கிழித்திருந்தது. வலது மணிக்கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. கங்காணியின் ரத்தம் சந்நிதி முன்னால் சொட்டுவதைப் பார்த்துப் பூசாரி அவசரமாகக் கற்பூரம் ஏற்றினார். அவர் வரையில் குறை தீர்ந்தது.

“ரெண்டு கிழமைக்கு இந்தக் கையாலை ஒண்டும் தூக்கப்படாது” என்று சொல்லித் தம்பிராஜா பலகை வைத்துக் கட்டி, கழுத்திலிருந்து துணித் தொட்டில் போட்டுவிட்டார்.

இடது கையால் பெரியதை நீட்டிப் பிடிக்கக்கூட முடியவில்லை. ஆக, எந்தக் குண்டு என்ற கேள்விக்குக் கங்காணியின் மணிக்கட்டே பதில் சொல்லிவிட்டது. சாயங்காலம் பெரியது பங்களாவுக்குத் திரும்பிப் போனது. கங்காணி நன்றாக ஆராய்ந்து முப்பத்திரண்டைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தொரை கடிதம் எழுதினார். அது போலீசுக்குப் போய்ச் சேருமுன் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பெரட்டு. பனி இறங்கியிருந்தது. கங்காணி கோட்டுப் பைக்குள் இடது கையை விட்டு, ரிவால்வரைப் பிடித்தபடி வரிசையோரமாக நடந்து வந்தார். வலது கை தொட்டிலில். கத்தியைக் கூர் பார்க்கத் தமக்குக் கை இல்லை என்பது செல்லப்பன் முன்னால் வந்து நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

“கூர் பாருங்க, கங்காணி.”

“பாத்தாச்சு. போ.”

“நகத்துல வைக்காம எப்படிங்க பாத்தீங்க? மரம் பாழாப் போயிருமே.”

“போடான்னா போ!”

“ஒரு கையிதான கட்டு? அந்தக் கைய வெளிய எடுங்க.”

கங்காணி கோட்டோடு சேர்த்துச் சுட்டார். குண்டு செல்லப்பன் வயிற்றில் பட்டது. மறுபடி சுட்டார், நெஞ்சில் பட்டது. ரயிலில் ஏறும்போது யாரோ இடித்துவிட்ட மாதிரி அவன் ஓர் எட்டுப் பின்னால் போனான். சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு முன்னால் வந்தான். மூன்றாவது குண்டு யாருடைய பால்வாளியிலோ ஓட்டை போட்டது. நான்காவதற்கு நேரம் இல்லை. செல்லப்பன் கங்காணியின் தலைமுடியைப் பிடித்துச் சாய்த்து, மரத்தில் கோடு போடுவதுபோலவே இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு வெட்டு, அதன்மேல் இன்னொரு வெட்டு வெட்டினான்.

வரிசையில் நாற்பது பேர், நாற்பது கத்தி. ஒருவரும் அசையவில்லை.

தம்பிராஜா ஓடிவந்து துண்டைக் கழுத்தில் அமுக்கினார். “கதையாதையும், கங்காணியார்!”

கதைப்பதற்குக் கங்காணியிடம் ஒன்றும் மிச்சமில்லை. சேற்றில் கிடந்தபடி அவர் செல்லப்பனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குண்டு உள்ளே இருக்கிறது. சாகத்தான் போகிறான். அவன் விழுகிறவரை தாம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும், ஜெயித்தாயிற்று. விழுடா, விழு.

செல்லப்பன் வாளியை எடுத்துக்கொண்டான்.

“கிராணிகிட்ட எனக்குப் பேர் போடச் சொல்லுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தன் மர நிரைக்கு நடந்தான். முதல் மரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தான். கோடு போட்டான். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்துக் கவிழாமல் வைத்தான். பால் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போனான். டிரசரின் முழங்கால்களுக்கு நடுவே இதெல்லாம் கங்காணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது மரத்தில் அவன் ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் விழவில்லை.

ஐயாசாமி நான்காவது மரம் வரைதான் இருந்தார். செல்லப்பன் பத்து மரம் வெட்டி, பதினோராவது மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மங்குகள் நிறைந்த பிறகுதான் அவனைத் தூக்கப் போனார்கள்.