எறிவதற்கென்று ஒருவன்

முடிதிருத்தும் கடை நாற்காலியில் சாய்ந்து, முகம் முழுக்க சோப்பு நுரையோடு கிடந்தபோதுதான் லீலண்ட் ட்ராட்வைனுக்கு விஷயம் தெரிந்தது. கடைக்காரர் ஃபெரிஸ் கெல் குளிர்காலத்தில் கூடைப்பந்து நடுவர். இண்டியானாவின் அந்தச் சிறிய கல்லூரி ஊரில் அவர் விசில் ஊதாத ஆட்டம் குறைவு. 1923 அக்டோபரில் புதிய விதிப்புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது.

"இனிமே யார் மேல ஃபவுல் பண்றாங்களோ அவனேதான் ஃப்ரீ த்ரோ எறியணுமாம், தம்பி. உனக்குத்தான் கஷ்டம்."

"என்னது?"

கத்தி கன்னத்தில் நின்றது. "உங்க கோச் ப்ரூவிட் சொல்லலியா? ஏப்ரல்ல விதி கமிட்டி கூடினப்ப இதுக்காக எழுந்து பேசினதே அவர்தானாம். போய்ட்டு வந்த நடுவர் ஒருத்தர் சொன்னாரு."

"என்ன பேசினாராம்?"

"எனக்கெதுக்கு வம்பு."

"கத்தி உங்க கையில இருக்கு. நான் என்ன பண்ணிடப்போறேன், சொல்லுங்க."

கெல் கத்தியைத் துண்டில் துடைத்தார். "'எங்க டீம்ல ஒருத்தன் இருக்கான். ஓட மாட்டான், மறிக்க மாட்டான். அடி வாங்குறது வேற ஒருத்தன், மறுநாள் பேப்பர்ல பேர் வாங்குறது இவன். இதெல்லாம் ஒரு ஆட்டமா'ன்னு கேட்டாராம். எல்லாரும் கை தட்டினாங்களாம்."

அதுவரை யார் மேல் ஃபவுல் நடந்தாலும், அதற்கு ஈடாக யாரும் மறிக்காமல் வளையத்தில் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு அணி ஒரே ஆளை நிறுத்திக்கொள்ளலாம். லீலண்ட் இரண்டு வருடமாக அந்த ஆள். விசில் கேட்டதும் அரங்கமே அவன் பக்கம் திரும்பும். அவன் மெல்ல நொண்டி வந்து வளையத்துக்கு எதிரே உள்ள கோட்டில் நிற்பான். பந்தை மூன்று முறை தட்டி, இடது உள்ளங்கையை இடுப்பில் துடைத்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து இரு கைகளாலும் மேலே விடுவான். தவறியது அபூர்வம்.

அவன் ஓட முடியாமல் போனதும் ப்ரூவிட்டால்தான். அந்த இரண்டு வருடத்துக்கு முந்தைய வருடம் ஓர் ஆட்டத்தின் நடுவே முழங்கால் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. "இன்னும் பத்து நிமிஷம்டா, எனக்காக" என்றார் கோச். அந்தப் பத்து நிமிடத்தோடு மூட்டு போயிற்று. "ஓட வேணாம், கோட்டுல வந்து நில்லு, அது போதும்" என்று பிறகு இந்த வேலையைத் தந்தவரும் அவரே. சென்ற மார்ச்சில், கடைசி வருடம் நீதான் கேப்டன் என்று தோளில் தட்டினார். ஜூலையில், எறிந்து பழகுவதை விட்டுவிடாதே என்று கடிதம் போட்டார். அவனும் விடுமுறையில் வீட்டுப் பண்ணையில் மாடு கறந்த கையோடு, கொட்டகைச் சுவரில் அடித்த வளையத்தில் தினம் இருநூறு முறை எறிந்தான்.

சவரம் முடிந்து நேரே கோச்சின் அறைக்குப் போனான். ப்ரூவிட் ஒரு பந்துக்குக் காற்றடித்து, அதன் வாயை மூடும் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நியாயமான விதிடா அது. நீயே யோசிச்சுப் பாரு."

"நியாயம் இல்லேன்னு நான் சொல்லல சார். ஜூலைல எதுக்கு லெட்டர் போட்டீங்க?"

"இனி அஞ்சு பேரும் எறியணும். ஒருத்தனுக்கும் ஒழுங்கா வராது. நீ சொல்லிக் கொடுத்தா..."

"கேப்டன்?"

நாடாவில் இன்னொரு முடிச்சு விழுந்தது. "க்ளெம் நல்லா ஓடுறான்."

க்ளெம் ஓபர்ஹோல்ட் அவனுடைய அறைத்தோழன். லீலண்ட் திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

க்ளெம் மென்றதை விழுங்கினான். "மே மாசம். சொல்லாதேன்னாரு கோச்."

"ஒரே ரூம்ல இருக்கோம்டா."

"இருக்கோம். ரெண்டு வருஷமா என் விலா எலும்புல நீ பாயிண்ட் எடுத்த. நான் ஒரு நாளாவது வாயத் தொறந்தேனா?"

"தொறந்திருக்கலாமே."

க்ளெம் ஆப்பிளை மறுபடி கடித்தான்.

பயிற்சிக்கு லீலண்ட் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு ஒழுங்காக வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான். கோச் பந்தை நீட்டியபோதெல்லாம், "மூட்டு வலிக்குது சார்" என்றான். தன்னிடம் இருந்தது அந்த எறிதல் ஒன்றுதான். அதை இவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

டிசம்பரில் முதல் ஆட்டம். வளையத்தடியில் க்ளெம்மை எவனோ இடித்துத் தள்ளினான். கெல் விசில் ஊதினார். பழக்கதோஷத்தில் அரங்கமே பெஞ்சுப் பக்கம் திரும்பியது. லீலண்டும் தன்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டிருந்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உட்கார்ந்தான்.

க்ளெம் கோட்டுக்கு வந்தான். பந்தை மூன்று முறை தட்டினான். இடது உள்ளங்கையை இடுப்பில் துடைத்தான். முழங்காலை மடக்கி இரு கைகளாலும் மேலே விட்டான். பந்து இரும்பைத் தொடாமல் வலையில் இறங்கியது.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு வருடம், அடிபட்டு விழுந்த தரையில் கிடந்தபடியே பார்த்திருக்கிறான்.

ப்ரூவிட் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா, வந்துருச்சு" என்றார் சந்தோஷமாக.

கொடுக்க மறுப்பதற்கு இனி அவனிடம் எதுவும் இல்லை. லீலண்ட் குனிந்து, முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். ஆட்டம் முடிய இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.